தொட்டியில் பெருகும் முதலை, ஆற்றில் அருகும் முதலை

திருப்பதியில் சேஷாசல மலையடிவாரத்தில் ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது ஸ்ரீ வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்கா. 1987இல் தொடங்கப்பட்டது, பரப்பளவில் ஆசியாவின் மிகப் பெரிய பூங்காக்களுள் ஒன்று. பெருமாளைச் சேவித்துவிட்டு மலையிறங்கும் சித்தூர், வேலூர், சென்னைக் குடும்பங்கள் நேரமிருந்தால் இங்கேயும் ஒரு நடை வந்துவிட்டுப் போகின்றன. சிங்கத்தையும் வெள்ளைப் புலியையும் பார்க்க வருகிறவர்களே அதிகம். முதலையைப் பார்ப்பதற்கென்று கிளம்பி வரும் குடும்பம் இந்தியாவின் எந்தப் பூங்காவிலும் அபூர்வம். முதலைத் தொட்டியின் கைப்பிடிச் சுவரருகே அரை நிமிடம் நிற்பார்கள். "உயிரோட இருக்கா, பொம்மையா?" என்று பிள்ளை கேட்கும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு கல்லை வீசிப் பார்க்கும் பெரியவர்களும் உண்டு. முதலை வளர்க்கும் இடங்களில் இது தீராத தலைவலி.

முதலை மேல் இந்த வட்டாரத்துக்கு அனுதாபம் பிறக்காததற்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. கஜேந்திர மோட்சம் தெரியாத வீடு திருப்பதியிலோ சித்தூரிலோ கிடையாது. பதினைந்தாம் நூற்றாண்டில் போத்தனா தெலுங்கில் பாடிய பாகவதத்தில் அதிகம் மனப்பாடமாகும் பகுதி அதுதான். தமிழ் வீடுகளில், முதலையின் பிடியில் சிக்கிய யானை 'ஆதிமூலமே' என்று அலறுவதையும் பெருமாள் கருடன் மேல் பறந்து வருவதையும் பாட்டிகள் சொல்லித் தந்தார்கள். சக்கரம் முதலையை அறுத்தது என்பதோடு பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். அந்த முதலை சாபம் பெற்ற கந்தர்வன் என்பதும், யானையோடு சேர்ந்து அதற்கும் விமோசனம் கிடைத்தது என்பதும் கதையின் மறந்துபோன பாதி.

நிஜ முதலைகளின் கதையிலும் அப்படியொரு மறந்துபோன பாதி உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மூன்று முதலை இனங்களும் அழிவின் விளிம்பில் நின்றன. அவற்றைப் பூங்காக்களில் முட்டையிட வைத்து, குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து ஆற்றில் விடும் வித்தையை நாம் கற்றுக்கொண்டோம். அந்த வித்தை ஓர் இனத்தில் அளவுக்கு மீறிப் பலித்தது. இன்னோர் இனத்தில் ஆயிரக்கணக்கான குட்டிகளை விட்ட பிறகும் கணக்கு கீழேயே இறங்கியது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு முட்டையில் இல்லை, ஆற்றில் இருக்கிறது.

இந்தியாவின் நன்னீரில் இரண்டு முதலைகள் வாழ்கின்றன. ஒன்று, தென்னிந்தியர் ஏரியிலும் அணையிலும் பார்க்கும் சதுப்புநில முதலை. அகன்ற மூக்கும் எதையும் தின்னும் வயிறும் கொண்டது. மீன், தவளை, பறவை, செத்த மாடு எல்லாம் அதற்குச் சம்மதம். குளம், குட்டை, கால்வாய், அணை நீர்த்தேக்கம் எங்கும் பிழைத்துக்கொள்ளும். கோடையில் தண்ணீர் வற்றினால் கரையில் வளை தோண்டிப் பதுங்கும். இன்னொன்று வடக்கத்திய ஆறுகளின் கரியால். மூன்றாவதான உவர்நீர் முதலை கழிமுகத்துக்கும் கடலோரத்துக்கும் உரியது. இந்தக் கட்டுரைக்கு அது வேண்டியதில்லை.

தோலுக்காகத்தான் முதலைகள் அழிக்கப்பட்டன. பையும் காலணியும் இடுப்பு வாரும் செய்ய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முழுக்க இந்திய முதலைத் தோல் வெளிநாடு போனது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைத் தடை செய்தபோது ஆறுகள் ஏறக்குறைய காலி. ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு எச்.ஆர்.பஸ்டர்ட் என்ற வல்லுநர் வந்து நிலைமையை ஆராய்ந்தார். 1975இல் ஒடிசாவில் முதலைத் திட்டம் தொடங்கியது. காட்டில் கிடக்கும் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பொரிக்க வைப்பது, குட்டிகளை ஒரு மீட்டருக்கு மேல் நீளும்வரை வளர்ப்பது, பிறகு காவலுள்ள ஆற்றில் விடுவது என்பது அதன் வழிமுறை. இதற்கான அதிகாரிகளுக்குப் பயிற்சி தர ஒன்றுபட்ட ஆந்திரத்தின் தலைநகரான ஹைதராபாத்தில் மத்திய அரசு ஒரு முதலைப் பயிற்சி நிறுவனம் அமைத்தது. அதே மாநிலத்தில் மஞ்சீரா ஆற்றின் ஒரு பகுதி 1978இல் சதுப்புநில முதலைக்கான சரணாலயமானது. இன்று அது தெலங்கானாவில் இருக்கிறது.

முட்டைகளை ஏன் எடுக்க வேண்டும், தாய் பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்வி எழலாம். தாய் பார்த்துக்கொள்ளும். ஆனால் நரி, உடும்பு, கழுகு, பெரிய மீன், வெள்ளம் ஆகிய எல்லாவற்றையும் தாண்டி நூறு குஞ்சுகளில் ஓரிரண்டு தேறினாலே பெரிது. அந்தத் தொடக்க ஆண்டுகளைத் தொட்டிக்குள் கடக்க வைத்தால் மிச்சத்தைக் குட்டி தானே பார்த்துக்கொள்ளும் என்பதே திட்டத்தின் கணக்கு.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதைக் காட்டிய இடம் திருப்பதியிலிருந்து மூன்று நான்கு மணி நேரத் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு முன்னால் இருக்கிறது. வடநெம்மேலியின் முதலைப் பண்ணை 1976இல் தொடங்கியது. பாம்பு மனிதர் என்று பெயரெடுத்த ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியது. பதினைந்துக்கும் குறைவான சதுப்புநில முதலைகளோடு தொடங்கிய இடத்தில் சில ஆண்டுகளிலேயே குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் பொரிந்தன.

முதலைகளைப் பக்கத்தில் வைத்து வருடக்கணக்கில் பார்க்க வாய்த்ததால் அங்கே பல புதிர்கள் அவிழ்ந்தன. சதுப்புநில முதலை ஆண்டுக்கு ஒரு முறைதான் முட்டையிடும் என்று நினைத்திருந்தார்கள். வடநெம்மேலியில் நன்றாகத் தீனி கிடைத்த பெண் முதலைகள் ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிட்டன. பொரியும் நேரத்தில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே சத்தம் கொடுக்கும். அதைக் கேட்டுத் தாய் மணலைக் கிளறி முட்டைகளை வெளியே எடுக்கும். ஓடு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் வாய்க்குள் வைத்து மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் இடையே உருட்டி மெதுவாக உடைக்கும். எருமைத் தொடை எலும்பை நொறுக்கும் அதே தாடை இது. அங்கே ஆண் முதலைகளும் குழியைத் திறந்து, குஞ்சுகளை வாயில் அள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோனதைப் பார்த்து, ஜெஃப்ரி லாங்கும் ரோமுலஸ் விட்டேக்கரும் ஹாரி ஆண்ட்ரூஸும் 1986இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பெற்ற தகப்பனே குஞ்சைத் தின்றுவிடுவான் என்றிருந்த பேச்சுக்கு அது நேர் எதிர்.

அதே மூவரும் பொரிப்பகத்தில் இன்னொன்றையும் அளந்தார்கள். முதலைக்கு ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது. முட்டை எந்த வெப்பத்தில் அடைகாக்கப்படுகிறதோ அதுதான் பாலைத் தீர்மானிக்கிறது. சதுப்புநில முதலை முட்டையை 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை நிலையான வெப்பத்தில் வைத்தால் பொரிவதெல்லாம் பெண். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். அதற்கு மேல் அரை டிகிரி கூட்டினால் இரண்டும் கலந்து வருகின்றன. ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு தலைமுறையே ஆணாகவோ பெண்ணாகவோ மாறிவிடுகிறது. பூங்காவுக்கு இது கையில் கிடைத்த கருவி. வேண்டிய விகிதத்தில் ஆணையும் பெண்ணையும் பொரிக்க வைக்கலாம். வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் உலகில் ஆற்றங்கரைக் குழிகளுக்கு இதுவே ஆபத்து.

வடநெம்மேலியின் குளக்கரை மரங்களில் கொக்குகள் கூட்டமாகக் கூடு கட்டும். 2007இல் அங்கே வந்த ஆய்வாளர் விளாடிமிர் டினெட்ஸ், சில முதலைகள் மூக்கின் மேல் சிறு குச்சிகளைத் தாங்கிக்கொண்டு கரையோரம் அசையாமல் கிடந்ததைப் பார்த்தார். கூடு கட்டக் குச்சி தேடும் கொக்கு பக்கத்தில் வந்தால் முதலை பாயும். இது தூண்டில் போடும் தந்திரம் என்பது அவர் வாதம். பின்னர் அமெரிக்காவின் அலிகேட்டர்களிடம் இதைச் சோதித்தவர்களுக்கு அந்தத் தந்திரத்துக்கான சான்று கிடைக்கவில்லை, விவாதம் முடிந்தபாடில்லை. ஆனாலும் கல் வீசுகிறவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் இருக்கிறது: அசையாமல் கிடக்கும் முதலை தூங்குவதாக நினைக்கக் கூடாது.

பெருக்கம்தான் கடைசியில் சுமையானது. வடநெம்மேலியிலிருந்து பல மாநிலங்களுக்கு முதலைகள் போயின. ஆனால் விடுவதற்குத் தகுந்த நீர்நிலைகள் விரைவிலேயே நிரம்பிவிட்டன. விட்ட இடங்களில் மீனவரோடும் விவசாயியோடும் மோதல் வந்தது. 1990களின் நடுவில் மத்திய அரசு விடுவிப்பை நிறுத்தியது. தோலுக்காக முதலை வளர்க்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. எட்டு ஏக்கருக்குச் சற்றே கூடுதலான இடத்தில் முதலைகளின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தார்கள். இட்ட முட்டைகளைப் பொரியவிடாமல் அப்புறப்படுத்தினார்கள். கொரோனாக் காலத்தில் வாசல் மூடியபோது பார்வையாளர் கட்டணம் நின்றது, தீனிச் செலவு நிற்கவில்லை. கடைசியில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள மீட்பு மையத்துக்கு அனுப்ப முடிவானது. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு 2022இல் தள்ளுபடியானது. அழிந்துபோகும் என்று அஞ்சிய இனத்தை அரை நூற்றாண்டுக்குள் எங்கே வைப்பது என்று வழக்காட வேண்டிய நிலை.

கரியாலின் கதைக்கு இப்போது வரலாம்.

கரியால் முதலைகளிலேயே தனிப் பிறவி. மூக்கு குச்சியாய் நீண்டிருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட கூரிய பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் மூக்கைப் பக்கவாட்டில் சடாரென்று வீசினால் மீன் சிக்கிவிடும். வேறு பெரிய இரைக்கு அந்தத் தாடை ஒத்துவராது. மனிதரை வேட்டையாடும் விலங்கல்ல இது. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் சொம்பைக் கவிழ்த்ததுபோல் ஒரு புடைப்பு எழும். மூச்சை விடும்போது அது ஒலிபெருக்கியாகி, சீறலும் உறுமலும் கலந்த சத்தத்தை ஆற்றின் மேல் பரப்பும். ஆணையும் பெண்ணையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடிகிற ஒரே முதலை இனம் இதுதான். ஆண் ஆறு மீட்டர் வரை வளரக்கூடியது. ஆனால் இத்தனை பெரிய உடலைக் கால்களால் தூக்கி நடக்க முடியாது. கரையில் வயிற்றால் சறுக்கித்தான் போகும். அதனால் ஆற்றை விட்டு வேறு குளம் தேடிப் போவது அதற்கு முடியாத காரியம்.

தேவைகளும் அப்படியே. ஆழமான மடு வேண்டும், ஓடும் நீர் வேண்டும், வெயில் காயவும் முட்டையிடவும் செங்குத்தான மணல் திட்டு வேண்டும். மார்ச், ஏப்ரலில் பல பெண்கள் ஒரே மணல் திட்டில் குழி பறித்து முட்டையிடும். ஒவ்வொரு முட்டையும் 160 கிராம் அளவுக்குக் கனக்கும். முதலை முட்டைகளிலேயே பெரியது. மழைக்காலம் தொடங்குமுன் ஜூனில் குஞ்சுகள் வெளிவரும். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மிதக்க, ஒரு பெரிய ஆண் அவற்றைக் காவல் காக்கும். குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிக் குந்தியிருப்பதை வடக்கே சம்பல் ஆற்றில் புகைப்படமும் எடுத்திருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, மியான்மரின் ஐராவதி வரை கரியால் இருந்தது. 1940களில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 1976இல் இருநூறுக்கும் கீழே. முதலைத் திட்டத்தின் முதல் கவலையே இதுதான். லக்னோ அருகே குக்ரைலிலும் மத்தியப் பிரதேசத்தின் முரேனா அருகே தேவரியிலும் வளர்ப்பு மையங்கள் எழுந்தன. நேபாளத்தில் சித்வன் காட்டின் கசராவில் 1978இல் ஒன்று தொடங்கியது.

பூங்காக்களின் பங்கு புவனேஸ்வரத்தின் நந்தன்கானனில் உச்சத்தைத் தொட்டது. அங்கே பெண் கரியால்கள் இருந்தன, முதிர்ந்த ஆண் இல்லை. சொந்த நாட்டு ஆறுகளில் தேடிக் கிடைக்காத ஆணை ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் பூங்காவிலிருந்து வரவழைத்தார்கள். 1980இல் நந்தன்கானனில் குஞ்சுகள் பொரிந்தன. உலகில் வளர்ப்புச் சூழலில் கரியால் இனம் பெருகியது அதுவே முதல் முறை. எங்கோ ஒரு வெளிநாட்டுத் தொட்டியில் இருந்த ஓர் ஆண், இந்தியாவில் ஒரு தலைமுறைக்கு வழிகோலியது. பூங்கா எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

பிறகு நடந்ததுதான் புரியாத புதிராக இருந்தது. 2004 முடிய காட்டுக் குழிகளிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் பன்னிரண்டாயிரம் முட்டைகள் சேகரிக்கப்பட்டன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் ஒரு மீட்டர் நீளம் வளர்ந்து ஆறுகளில் விடப்பட்டன. 1997இல் 436ஆகக் கணக்கிடப்பட்ட இனப்பெருக்க வயது கரியால்கள் 2006இல் 182ஆகக் குறைந்தன. 2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கரியாலை 'மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம்' என்று அறிவித்தது. விட்ட குட்டிகள் எங்கே போயின?

பல திசைகளில் போயின. ஆற்றில் கட்டிய செவுள்வலையில் மூக்கின் பற்கள் மாட்டிக்கொண்டால் கரியாலால் விடுவித்துக்கொள்ள முடியாது. மூச்சுக்கு மேலே வர வழியின்றி மூழ்கிச் சாகும். வலையைக் காப்பாற்ற மூக்கை வெட்டிவிடுவதும் நடந்தது. மணல் திட்டுகளை லாரிகள் அள்ளிச் சென்றன. மிஞ்சிய திட்டில் வெள்ளரியும் தர்பூசணியும் பயிரானது. அணைகள் ஆற்றின் பருவத்தையே மாற்றின. பாசனத்துக்காகத் தண்ணீரைத் தடுத்து வைத்தால் மடுக்கள் வற்றி, நடுவாற்றுத் திட்டு கரையோடு சேர்ந்துகொள்ளும். நரியும் நாயும் நடந்தே வந்து முட்டையைத் தோண்டும். காலந்தவறித் திறந்துவிட்டால் குழிகள் முழுகிப் போகும். மழை வெள்ளம் குட்டிகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அடித்துச் சென்று, திரும்பி ஏற முடியாதபடி தடுப்பணைக்குக் கீழே சேர்க்கும்.

இந்த அலைச்சலைக் கணக்கெடுத்ததிலும் வடநெம்மேலிக்குப் பங்கிருக்கிறது. 2008 முதல் முதலைப் பண்ணையின் ஆதரவில் சம்பலில் நடக்கும் ஆய்வில் கரியால்களின் உடலில் ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். பருவத்துக்குப் பருவம் அவை ஆற்றில் இருநூறு கிலோமீட்டர் வரைகூடப் பயணம் செய்வது தெரியவந்தது. ஐம்பது கிலோமீட்டர் சரணாலயம் ஒன்றை அமைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல இந்த விலங்கிடம் வழியில்லை.

காவலுள்ள ஆறும் எப்போதும் தப்பிப்பதில்லை. 2007 டிசம்பரிலிருந்து 2008 தொடக்கம் வரை சம்பல், யமுனையோடு கலக்கும் பகுதியில் நூறுக்கும் மேற்பட்ட கரியால்கள் செத்துக் கரை ஒதுங்கின. உடற்கூறு செய்து பார்த்தபோது மூட்டுகளிலும் உறுப்புகளிலும் யூரிக் அமிலம் படிந்திருந்தது; சிறுநீரகம் பழுதாகியிருந்தது. யமுனையிலிருந்து ஏறி வந்த மீன்கள் வழியே ஏதோ நஞ்சு சேர்ந்திருக்கும் என்ற சந்தேகம் வலுத்தது. அது என்ன நஞ்சு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தப் பின்னணியில் தெற்கத்தியப் பூங்காக்களுக்கு என்ன வேலை? திருப்பதி வழியே ஸ்ரீகாளஹஸ்திக்கும் கடலுக்கும் போகும் சுவர்ணமுகி ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. பொன்னையும் ஆரணியும் கௌண்டின்யாவும் அப்படித்தான். கரியாலுக்கு இந்த ஆறுகள் ஒரு காலத்திலும் வீடு அல்ல. அந்த வகையில் பூங்காவின் பணி குட்டியை அருகில் உள்ள ஆற்றில் விடுவது அல்ல. ஆற்றில் ஒரு கொள்ளை நோயோ நஞ்சோ வந்து இனம் துடைத்தெறியப்பட்டால் மீட்டெடுக்க ஒரு கையிருப்பு வேண்டும். அந்தக் கையிருப்பு ஒரே குடும்பத்துக்குள் கலந்து கெட்டுவிடாதபடி, எந்தப் பூங்காவின் எந்த விலங்கு யாருடைய வாரிசு என்று வம்சாவளிப் பதிவேடு வைத்துப் பரிமாறிக்கொள்ள வேண்டும். 1992இல் அமைக்கப்பட்ட மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் பூங்காக்களை இந்தத் திசைக்குத் திருப்பப் பார்க்கிறது. கரியால் வைக்க ஆழமான குளமும் மணற்கரையும் மீனும் வேண்டும். சிமெண்டுத் தொட்டியில் மோதினால் அந்த நீண்ட மூக்கு எளிதில் காயப்படும். இடம் தாராளமாக உள்ள பூங்காக்களுக்கே இது தோதான வேலை.

முட்டை எண்ணிக்கையை இலக்காக வைத்த காலம் போய், ஆற்றை இலக்காக வைக்கும் காலம் மெல்ல வருகிறது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் மூன்றும் பங்கு போட்டுக் காக்கும் சம்பலில் அண்மைக் கணக்கெடுப்புகள், குட்டிகளையும் சேர்த்து, இரண்டாயிரத்துக்கு மேல் காட்டுகின்றன. உலகில் எஞ்சியுள்ள வளர்ந்த கரியால்களில் பெரும்பாலானவை அந்த ஓர் ஆற்றில்தான் இருக்கின்றன என்பது ஒரே நேரத்தில் நல்ல சேதியும் கவலையும். மகாநதியிலோ 1977 முதல் எழுநூறு அளவில் குட்டிகளை விட்டும் விரல்விட்டு எண்ணக்கூடியவையே மிஞ்சின. ஹிராகுட் அணைக்குக் கீழே சத்கோசியா பள்ளத்தாக்கில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு காட்டுக் குழிகூட இல்லை. 2021 மே மாதம் அங்கே 28 குஞ்சுகள் இயற்கையாகவே பொரிந்து தண்ணீரில் இறங்கின. வனத்துறை இரவும் பகலும் காவல் போட்டது. அதற்கு முன்பே ஒடிசா அரசு மீனவர்களோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருந்தது: வலையில் சிக்கும் கரியாலை உயிரோடு விடுவித்தால் ஆயிரம் ரூபாய், கிழிந்த வலைக்குத் தனியாக ஈட்டுத்தொகை.